கூறு போடுவதும் கடை போடுவதும்

ஸ்பெயினில் கஞ்சா புகைப்பது குற்றமல்ல. கஞ்சா விற்பது குற்றம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு சின்னக் கேள்வி வரும். புகைக்கிறவன் கைக்கு அது எப்படி வந்து சேர்கிறது? வானத்திலிருந்தா விழும்?

சட்டம் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. போதைப்பொருளைத் தான் உட்கொள்வதும், அதற்காகக் கையில் வைத்திருப்பதும் தண்டனைக்குரியதல்ல என்ற நிலைப்பாட்டுக்கு அந்நாட்டு நீதிமன்றங்கள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 368ஆம் பிரிவு பயிரிடுவதையும் தயாரிப்பதையும் கடத்துவதையும் தண்டிக்கிறது. அதோடு நிற்காமல், பிறர் சட்டவிரோதமாகப் பயன்படுத்துவதை ஊக்குவிப்பது, அதற்குத் துணைபோவது, அதை எளிதாக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. கஞ்சாவுக்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை. 'எளிதாக்குவது' என்ற சொல்லுக்கு எல்லை எங்கே? நண்பனுக்குத் தீப்பெட்டி நீட்டினால்கூட எளிதாக்கியதுதானே?

வீட்டில் தனக்கென்று நாலு செடி வளர்ப்பவரை விட்டுவிடுகிறார்கள். 2015இல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் பேச்சில் 'வாய்ப்பூட்டுச் சட்டம்', அதிலும் ஒரு நிபந்தனை வைத்தது: செடி பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கக் கூடாது. பால்கனியில் வைக்கலாம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. அதே சட்டப்படி பொது இடத்தில் புகைத்தாலும் கையில் வைத்திருந்தாலும் 601 யூரோவிலிருந்து 30,000 யூரோ வரை அபராதம். சிறை கிடையாது, அபராதம்தான். ஆக, கதவுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் தன் வீட்டில் தனக்காக இரண்டு செடி வளர்ப்பது குற்றமில்லை. நூறு பேர் ஒரே இடத்தில், ஆளுக்கு இரண்டென்று 200 செடி வளர்த்தால்? ஒருவர் செய்தால் குற்றமில்லாதது நூறு பேர் சேர்ந்து செய்யும்போது குற்றமாகிறதா? ஆகிறது என்றால் எத்தனையாவது ஆள் வந்து சேரும்போது?

இதை நான் வேலையில்லாமல் கற்பனை செய்து கேட்கவில்லை. பார்சலோனாவில் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். 1991இல் அங்கே 'ரமோன் சாந்தோஸ் கஞ்சா ஆய்வுச் சங்கம்' என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள். சுருக்கமாக ஆர்செக். பதிவுத் தாளில் ஆய்வுச் சங்கம்தான், அதில் பொய்யும் இல்லை. அவர்கள் ஆய்வு செய்தது சட்டத்தை. போதைப்பொருள் வழக்குகளுக்கான அரசு வழக்கறிஞரிடமே போய், 'எங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் கூட்டாகப் பயிரிட்டால் அது குற்றமா?' என்று கேட்டார்கள். கோட்பாட்டளவில் குற்றமில்லை என்பதுபோல ஒரு பதில் வந்தது. 1993இல் சுமார் நூறு உறுப்பினர்களுக்காக ஏறக்குறைய 200 செடி நட்டார்கள், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு. காவல்துறை வந்து பிடுங்கிக்கொண்டு போனது. மாகாண நீதிமன்றம் விடுதலை செய்தது. 1997இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் குற்றவாளிகள் என்றது.

அதே 1997இல் பில்பாவோவில் கலாமுதியா என்ற சங்கம் 600 செடி நட்டது. அந்த வழக்கு நிற்கவில்லை, அறுவடை நடந்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே செடி. ஊர் மட்டும் வேறு. பார்சலோனாவில் முதல் கிளப் 2001இல் வந்தது. பிறகு அது பரவிய வேகம் எல்லோரும் அறிந்தது. இன்று பார்சலோனாவில் மட்டும் சுமார் இருநூறு கிளப்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சங்கங்கள் சாய்ந்து நிற்பது கஞ்சா பற்றிய எந்தச் சட்டத்தின் மீதும் இல்லை. 1978 அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமை, அதன்மீதுதான். சதுரங்கச் சங்கம், மலையேறும் சங்கம், பறவை பார்ப்போர் சங்கம் எல்லாம் எந்தச் சட்டப்படி பதிவாகின்றனவோ அதே சட்டப்படிதான் இவையும். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்குழு, கணக்கு நோட்டு எல்லாம் உண்டு. லாபம் பிரிக்கக் கூடாது.

பில்பாவோவில் இது முளைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பாஸ்க் நாட்டில் 'சோக்கோ' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. சமையல் சங்கங்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. உறுப்பினர்கள் சேர்ந்து ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, அடுக்களை போட்டு, சரக்கறையில் மதுவும் எண்ணெயும் வாங்கி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சமைக்கலாம், தன் நண்பர்களைக் கூட்டி வரலாம். எடுத்த மதுபாட்டில் எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்று தானே சீட்டில் எழுதிப் பணத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. (நெடுங்காலம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத அமைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாணயமும் விலக்கலும் ஒரே அடுக்களையில் குடியிருந்தன.) அங்கே யாரும் யாருக்கும் மது விற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவானதிலிருந்து ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கஞ்சாச் சங்கம் என்ற யோசனை தந்திரமாகத் தோன்றியிருக்காது. தாத்தா செய்ததை வேறொரு பொருளுக்குச் செய்வதாகத்தான் தோன்றியிருக்கும்.

நான் வேலை நிமித்தமாக பார்சலோனாவில் நான்கு ஆண்டு இருந்தேன். அலுவலகத்தில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். அவர் ஒரு கிளப்பில் உறுப்பினர். கிளப் என்றதும் வண்ண விளக்கும் இரைச்சலுமாக ஏதோ மனதில் வரும். அவர் கூட்டிப்போய்க் காட்டியது ஒரு சாதாரணக் கதவு. பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கூடாது. அழைப்பு மணி அடித்தால் உள்ளிருந்து பார்த்துவிட்டுத் திறப்பார்கள். முன்னறையில் ஒரு மேசை, கணினி. உறுப்பினர் இல்லாத என்னை அதற்கு மேல் விடவில்லை. அங்கேயே உட்கார வைத்துப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"அண்ணே, இது கடை இல்லண்ணே. 'வாங்குறேன்'னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. 'எடுத்துக்கிறேன்'னுதான் சொல்லணும்" என்று தம்பி முன்பே எச்சரித்திருந்தார். அது உண்மைதான். கொடுக்கும் பணத்துக்குப் 'பங்களிப்பு' என்று பெயர். எடுப்பதற்கு 'ரெதிராதா', அதாவது தன்னுடையதைத் திரும்பப் பெறுவது. வங்கியில் போட்ட பணத்தை எடுப்பதற்கும் அதே சொல்தான்.

படிவத்தில் இருந்தவை இவை. நான் வயது வந்தவன். ஏற்கெனவே உறுப்பினரான ஒருவர் எனக்காக ஜாமீன் நிற்கிறார். நான் ஏற்கெனவே வழக்கமாகக் கஞ்சா பயன்படுத்துபவன். மாதத்துக்கு எனக்கு இத்தனை கிராம் தேவைப்படும். என் பங்கை எனக்காகப் பயிரிடும்படி சங்கத்துக்கு அதிகாரம் தருகிறேன். எடுத்ததை யாருக்கும் கொடுக்க மாட்டேன், விற்க மாட்டேன். பிறகு அடையாள அட்டை, ஆண்டுச் சந்தா, கையெழுத்து.

வரிக்கு வரி அதில் ஒரு வழக்கறிஞரின் மூச்சு கேட்கிறது. ஸ்பெயின் நீதிமன்றங்களில் 'பகிர்ந்து உட்கொள்ளுதல்' என்றொரு கோட்பாடு நெடுநாளாக உண்டு. ஏற்கெனவே பழக்கமுள்ள சிலர், இன்னார் இன்னார் என்று தெரிந்தவர்கள், மூடிய இடத்தில், உடனடியாகத் தீர்ந்துவிடும் சிறிய அளவைப் பங்கிட்டுக்கொண்டால் அது குற்றமில்லை. படிவத்தின் ஒவ்வொரு வாக்கியமும் இந்த நிபந்தனைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. 'ஏற்கெனவே வழக்கமாகப் பயன்படுத்துபவன்' என்ற வாக்கியம்தான் எல்லாவற்றிலும் கனமானது. அது இல்லையென்றால் சங்கம் புதியவனுக்குப் பழக்கம் ஏற்படுத்துகிறது, ஊக்குவிக்கிறது, 368 வந்துவிடும்.

நான் வழக்கமாகப் பயன்படுத்துபவன் அல்ல. "சும்மா ரெண்டு கிராம்னு போடுங்கண்ணே, யாரு அளக்கப் போறா?" என்றார் தம்பி.

நான் போடவில்லை. இதைப் பெரிய நேர்மையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வயது, மாத வருமானம், வரும் நோக்கம் என்று எத்தனையோ படிவங்களில் பாதி யோசித்துப் பாதி யோசிக்காமல் எழுதுகிறவர்கள்தான் நாமெல்லாம். ஆனால் அந்தப் பொய் மற்றப் பொய்களைப் போன்றதல்ல என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. இரண்டு கிராம் என்று எழுதினால் அந்த இரண்டு கிராமுக்கு எங்கோ ஒரு செடி முளைக்கும். பிறகு அதை எடுக்க வேண்டியவன் நான். நான் எடுக்காவிட்டால் அது இன்னொருவருக்குப் போகும். என் பெயரில் வளர்ந்ததை வேறொருவர் எடுக்கும் அந்தக் கணத்தில் அது பங்கு அல்ல, சரக்கு. ஒரு ஆளின் பொய் சங்கத்தைக் கடையாக்கிவிடுமா என்று கேட்கலாம். ஒரு ஆளின் பொய் ஆக்காது. ஆனால் 'யாரு அளக்கப் போறா?' என்று தம்பி சொன்னது எல்லோருக்கும் சொல்லப்படும் வாசகம்.

மறுபக்கமும் உண்டு. ஒரு பொருளைப் பெறுவதற்காக 'நான் இதற்குப் பழகியவன்' என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்வதில் ஒரு சிறுமை இருக்கிறது. மதுவிலக்குள்ள குஜராத்தில் குடிக்க விரும்புகிறவர் உடல்நலக் காரணம் காட்டி பெர்மிட் வாங்குவது நினைவுக்கு வரும். ஆரோக்கியமானவன் நோயாளி ஆகவேண்டும், எப்போதாவது புகைப்பவன் வழக்கமாகப் புகைப்பவன் ஆகவேண்டும். சட்டம் தனக்கு வேண்டிய மனிதனைப் படிவத்தில் உற்பத்தி செய்துகொள்கிறது. தம்பிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவர் இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர். கிளப்பில் சோதனை நடந்தால் உறுப்பினர் பட்டியல் கோப்பில் ஏறும். ஊரில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா உட்கொள்வதே குற்றம், அளவு சின்னதா பெரியதா என்பதெல்லாம் பிறகு. ஸ்பெயினும் இந்தியாவும் 1961ஆம் ஆண்டின் ஒரே ஐ.நா. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட நாடுகள். ஒரே தாளை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் கஞ்சாவுக்குத் தரும் வரையறையில் பூவும் காயும் சேர்ந்த நுனி உண்டு, தனி இலை இல்லை. நம்முடைய சட்டம் அந்த இடைவெளியில் பாங்கை விட்டுவைத்தது. அவர்கள் வேறோர் இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள்.

பிறகு ஒருநாள் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதன் கடைசி அத்தியாயத்தில் இதே முடிச்சு இருக்கிறது, சூதாட்டத்தை முன்வைத்து. சூதாடுவது ஒருவரின் சொந்த விஷயமென்றால் அவரைத் தண்டிக்கக் கூடாது. சரி, சூதாட்ட விடுதி நடத்துபவரை? ஒரு காரியத்தைச் செய்ய விட்டுவிட்டு, அதற்கு வழி செய்பவரை மட்டும் சிறையில் போடுவது அறத்தில் ஒரு கோணல் என்று மில்லுக்குத் தெரிகிறது. ஆனால் பிறருடைய பலவீனத்தில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அந்தப் பலவீனம் வளர்வதில் ஆதாயம் உண்டு என்பதும் தெரிகிறது. இரண்டு பக்கமும் வலுவான வாதம் இருப்பதாகச் சொல்லிவிட்டு, தண்டிக்கும் அளவுக்கு அது போதுமா என்று தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறார். தயங்காமல் எதையும் எழுதாத மனிதர் என்று நான் நினைத்திருந்தவர் தயங்கும் இடம் அது.

அந்தப் பக்கங்களில் ஒரு வழியும் காட்டுகிறார். பொதுச் சூதாட்ட விடுதி வேண்டாம். ஆனால் மனிதர்கள் தங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ, அல்லது தாங்களே சந்தா போட்டு ஏற்படுத்தி, உறுப்பினர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் மட்டும் வந்துபோகும் இடத்திலோ ஆடிக்கொள்ளலாம் என்கிறார். பார்சலோனாவின் கதவு அதுதான். 130 வருடத்துக்கு முன்னமே மில் அழைப்பு மணி அடித்துவிட்டார்.

மில் தொட்ட நரம்பு ஆதாயம். கஞ்சா நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் எனக்கு அதிக அக்கறை இல்லை. இளவயதில் தொடங்குகிறவர்களுக்கும், மனநோய்க்கு வாய்ப்புள்ளவர்களுக்கும் அது கெடுதல் என்பதில் சந்தேகமும் இல்லை. அப்படிக் கெடுதல் செய்யக்கூடிய பொருள் என்பதால்தான், அது யார் கையிலிருந்து வருகிறது என்ற கேள்வி முக்கியமாகிறது. விற்பவனுக்கு நான் இந்த மாதம் போன மாதத்தைவிடக் கூடுதலாகப் புகைத்தால் நல்லது. விற்பவன் தெருமுனைக்காரனாக இருந்தாலும், பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனமாக இருந்தாலும், அரசாக இருந்தாலும் இது மாறாது. அரசு விற்றால் என்ன ஆகும் என்பதை 2003 முதல் டாஸ்மாக்கில் சில்லறை விற்பனையைப் பார்த்துவரும் நமக்கு ஒருவர் வந்து விளக்க வேண்டியதில்லை. லாபம் பிரிக்காத சங்கத்துக்கு நான் குறைவாகப் புகைத்தால் நஷ்டமில்லை. அடுத்த முறை செடியைக் குறைவாக நடுவார்கள், அவ்வளவுதான். கஞ்சாச் சங்கத்துக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களிலேயே தாங்கி நிற்கும் வாதம் இது ஒன்றுதான். ஆனால் சங்கம் சங்கமாக இருக்கும்வரைதான் இது நிற்கும்.

சங்கம் எப்போது சங்கமாக இல்லாமல் போகிறது? என் ஊர்ப் பக்கத்துக் கூறுக்கறியை வைத்துத்தான் என்னால் இதை யோசிக்க முடிகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்குவார்கள். ஒருவர் அறுப்பார். ஓலைப்பாயில் கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் எலும்பு, ஈரல் துண்டு, குடல் என்று எல்லாம் இருக்க வேண்டும். யாருக்கும் நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க உரிமை கிடையாது. அறுத்தவருக்குக் கூலியாகத் தலையோ தோலோ போகும். அங்கே விற்றவர் என்று யாரும் இல்லை. இப்போது, அறுக்கிறவர் அடுத்த தீபாவளிக்கு 'எப்படியும் கேட்டு வருவாங்க' என்று கூடவே இன்னொரு ஆட்டையும் பிடித்துக் கட்டி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டாவது ஆடு கட்டப்பட்ட நேரத்தில் அவர் கசாப்புக்கடைக்காரர் ஆகிவிட்டார். கறி அதேதான், கத்தி அதேதான், பாயும் அதேதான். பங்காளி இல்லாமல் ஒரு பங்கு உருவாகிவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆடு நோஞ்சானாகப் போனால்? கூறு எல்லோருக்கும் சிறுக்கும். முகம் சுளிக்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏனென்றால் யாரிடம் கேட்பது? தம்பியின் கிளப்பில் ஒருமுறை பயிரில் பூஞ்சை வந்து பெரும்பகுதி வீணாகிவிட்டது. பங்களிப்பு அதே தொகை, கிடைத்தது பாதி. சிலர் "பரவாயில்லை, அடுத்த தடவை" என்றார்களாம். பலர் முன்னறை மேசையில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். "காசு குடுத்தேன்ல, பொருள் எங்கன்னு கேக்குறாங்கண்ணே" என்றார் தம்பி. கேட்டவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் மனதில் எந்த நாளும் உறுப்பினராக இருந்ததில்லை, அவ்வளவுதான். படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள், வாடிக்கையாளராக உள்ளே நுழைந்தார்கள்.

பார்சலோனாவின் ராம்ப்லா வீதியில் மாலையில் நடந்தால், காதருகே வந்து "காஃபி ஷாப்? கிளப்?" என்று முணுமுணுக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். சுற்றுலாப் பயணியைப் பிடித்துக்கொண்டு போய் அரைமணி நேரத்தில் உறுப்பினராக்கி, அந்தக் கிளப்பிடம் தரகு வாங்குகிறவர்கள். மூன்று நாள் தங்கப்போகும் ஒருவர் ஆண்டுப் பொதுக்குழுவில் வாக்களிக்கும் உரிமையோடு வெளியே வருகிறார். யார் பங்கு, எந்தச் செடி? அவர் விமானம் ஏறுவதற்கு முன் நட்டு, வளர்த்து, அறுத்தா கொடுத்தார்கள்? அந்தக் கிளப்புகள் கள்ளச் சந்தையில் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் கொடுக்கின்றன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இது கடை. கடை என்று சொல்லிக்கொள்ளும் நேர்மைகூட இல்லாத கடை.

ஆகவே 2015 செப்டம்பரில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் எபர்ஸ் என்ற பில்பாவோ சங்கத்தின் வழக்கில் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். இது நண்பர்களின் பகிர்வா, விநியோக அமைப்பா? ஏறக்குறைய 300 உறுப்பினர்கள் இருந்த சங்கம் அது. அமைப்பாகவும் நிறுவனமாகவும் நீடித்து நடக்கும் நோக்கத்தோடும், புதிது புதிதாக உறுப்பினர்கள் வந்து சேரும்படி திறந்துவைத்தும் பயிரிட்டுப் பங்கிடுவது 368இன் கீழ் குற்றமே என்றது தீர்ப்பு. கூடவே, அவர்கள் அதைக் குற்றமில்லை என்று நம்பிச் செய்தார்கள், ஆனால் கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லித் தண்டனையைக் குறைத்தது.

கேள்வி சரி. பதிலில்தான் எனக்குச் சண்டை. எவையெல்லாம் ஒரு சங்கத்தைச் சங்கமாக்குமோ அவற்றையே நீதிமன்றம் குற்றத்தின் அடையாளங்களாக எடுத்துக்கொண்டது. ஒழுங்கான அமைப்பு, நீடித்த இருப்பு, எழுதிவைத்த விதிகள், யாரும் சேரலாம் என்ற திறந்த வாசல். நாலு நண்பர்கள் ரகசியமாகச் சேர்ந்து செய்தால் விட்டுவிடலாம். முந்நூறு பேர் கணக்கு எழுதி, ஊரறியச் செய்தால் தண்டனை. அதே ஆண்டு டிசம்பரில் பன்னாக் என்ற இன்னொரு பில்பாவோ சங்கத்துக்கும் இதே கதி. 2003இலிருந்து இயங்கிய சங்கம் அது. 2005இல் காவல்துறை அதன் செடிகளைப் பறிமுதல் செய்தது, பிறகு நீதிமன்றமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அரசே கஞ்சாவைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒருவர் தன் செயல் குற்றமில்லை என்று நம்பினால் அதில் என்ன தவறு? சங்கத்தின் தலைவர் ஒளிந்து திரிந்தவரும் அல்ல, கட்டுரைகள் எழுதி, மேடைகளில் பேசி, இப்படி நடத்தினால்தான் சரி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிற்கவிடவில்லை. ஆனால் நியாயமான விசாரணை நடந்ததா என்ற அடிப்படையில்தான். கூட்டாகப் பயிரிடலாமா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

ராம்ப்லாவின் முணுமுணுப்புக் கிளப்புகளிடம் ஒழுங்கான நோட்டு இருக்காது. சோதனை வந்தால் பெயரை மாற்றி அடுத்த தெருவில் திறப்பார்கள். நோட்டு எழுதி வைத்தவர்தான் தன் கையெழுத்தாலேயே மாட்டுவார். எத்தனை செடி, எத்தனை கிராம், யார் எடுத்தது, எந்தத் தேதி, எல்லாம் அவரே எழுதிக் கொடுத்த சாட்சியம். சில சங்கங்கள் ஊழியர்களுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகையும் கட்டின, வாட் வரிகூடக் கட்டின. அரசின் ஒரு கை வரியை வாங்கிக்கொண்டது, இன்னொரு கை விலங்கை மாட்டியது. சட்டம் இப்படி நடந்துகொண்டால் நாளைக்குச் சங்கம் நடத்த யார் முன்வருவார்? நாணயமானவர் பயந்து விலகுவார். மிச்சம் இருப்பவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றம் கடைகளைப் பார்த்துக் கோபப்பட்டது, அடித்தது சங்கங்களை.

'அப்படியானால் ஒழுங்குபடுத்தும் சட்டம் போடட்டுமே' என்று தோன்றும். போட்டார்கள். நவார்ரா 2014இல் போட்டது. கத்தலோனியாவில் 'பச்சை ரோஜா' என்ற பெயரில் மக்களே கையெழுத்துத் திரட்டி, 67,500 பேர் கையெழுத்தோடு சட்ட முன்வரைவைக் கொண்டுபோனார்கள். 2017 ஜூனில் கத்தலான் நாடாளுமன்றம் 118 வாக்குகளில் அதை நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் 8 பேர்தான். அந்த 2017இல் கத்தலோனியாவில் கட்சிகள் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டு சட்டங்களையும் அரசியலமைப்பு நீதிமன்றம் அடித்துவிட்டது, நவார்ராவினுடையதை 2017இல், கத்தலோனியாவினுடையதை 2018இல். எது குற்றம் என்று தீர்மானிப்பது மத்திய அரசின் அதிகாரம், வட்டார அரசுகள் அதில் கைவைக்கக் கூடாது. சட்டவாதமாகப் பார்த்தால் பதில் சரிதான். ஆனால் மத்திய அரசோ எதுவும் செய்வதில்லை. செய்யக்கூடியவர் செய்ய மாட்டார், செய்ய வந்தவருக்கு அதிகாரமில்லை. கிளப்புகளோ கதவை மூடிக்கொண்டு திறந்தே இருக்கின்றன.

ஸ்பெயின் எழுதாத சட்டத்தை மற்ற நாடுகள் எழுதிக்கொண்டன. உருகுவே 2013இல் போட்ட சட்டத்தில் கிளப்புக்கு 15 முதல் 45 உறுப்பினர், 99 செடி, ஆளுக்கு ஆண்டுக்கு 480 கிராம். மால்டாவிலும் ஜெர்மனியிலும் உறுப்பினர் எண்ணிக்கை 500 வரை. எத்தனையாவது ஆள் சேரும்போது குற்றமாகிறது என்று நான் மேலே கேட்டேன். உருகுவேக்கு 46, ஜெர்மனிக்கு 501. இந்த எண்களில் அறம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, எங்காவது கோடு போட்டாக வேண்டும். ஒருவரையொருவர் முகம் தெரிந்து சத்தம் போடக்கூடிய எண்ணிக்கை 45 என்பதால் உருகுவேயின் கோடு எனக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. 500 பேருக்கு முகம் கிடையாது.

ஜெர்மனியின் சட்டத்தில் வேறொரு பிரிவுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 2024 ஜூலையிலிருந்து அங்கே சங்கங்கள் பயிரிடலாம். ஆறு மாதமாவது அந்நாட்டில் குடியிருப்பவர்தான் சேரலாம், சேர்ந்தால் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு வாசலிலேயே கதவு அடைபட்டது. சங்கத்துக்குள் புகைக்கக் கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, சேர்ந்து உட்காருவதைப் பிடுங்கிவிட்டால் சோக்கோவில் என்ன மிஞ்சும்? ஆனால் கூடவே ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் கூட்டுப் பயிரில் தாங்களே பங்கெடுத்து உழைக்க வேண்டும். பணம் கட்டினால் மட்டும் போதாது.

இதைத் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் இன்னும் பார்சலோனாவில்தான் இருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமை போய் ஒக்காந்து எல கத்தரிக்கணுமாண்ணே?"

"ஆமா. அப்படித்தான் போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்க கிளப்புல அப்படிச் சொன்னா பாதிப் பேரு வர மாட்டாங்கண்ணே" என்றார். "ஆனா அந்தப் பூஞ்சை வந்தப்போ சத்தம் போடாம போனாங்கல்ல, அவங்க வருவாங்க."